கதிர்க்குருவி பாடிய பக்கம்

மார்ச் 4

நாத்தனாருக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. உன் கைக்கு நல்ல பலம் இருப்பதை ஞாயிற்றுக்கிழமை குளக்கரையில், பறவை பார்க்க வந்த அத்தனை பேரும் பார்த்தோம். என் போனைப் பிடுங்கி நீ எறிந்த எறியில் அது நாணலைத் தாண்டி, நீர்க்கோழியைத் தாண்டி, நட்டநடுக் குளத்தில் போய் விழுந்தது. நீ போன பிறகு பேக்கரிக்காரர் ஒரு நீளக் கழியை எடுத்துவந்து துழாவிப் பார்த்தார். ஒரு பழைய குடை வந்தது.

ஒரே ஊரில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்றால், வேறு வழியில்லை. ஸ்டுடியோ போனிலிருந்து கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. உன் அண்ணனை அனுப்பினால், "போன்ல பேச மாட்டேன், எழுதிக் குடுக்கச் சொல்லு" என்றாயாம். மகாராணிக்கு மனு எழுதித்தான் கொடுக்க வேண்டும் போலிருக்கிறது. சரி, இனிமேல் உன் அண்ணன்தான் நமக்குத் தபால்காரர். அவருடைய சாப்பாட்டுப் பையில் இதை வைத்து அனுப்புகிறேன், எண்ணெய்க் கறை பட்டால் என்னைக் கேட்காதே.

நான் என்ன கொலைக் குற்றமா செய்துவிட்டேன்? வாரம் ஆறு நாளும் வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஆட்களை உட்காரவைத்து, "தலைய நேரா வைங்க, சிரிக்காதீங்க, காது தெரியணும், முடிய ஒதுக்குங்க" என்று சொல்லிச் சொல்லி நாக்குத் தேய்ந்தவள் நான். அடையாள அட்டைக்காக அசையாத முகங்களை எடுத்துப் பிழைக்கிறவளுக்கு, ஞாயிறு காலையில் அசைகிற ஒன்றை எடுக்க ஆசை இருக்காதா? அந்தக் கதிர்க்குருவி வாரக்கணக்கில் நாணலுக்குள்ளேயே கண்ணாமூச்சி காட்டிக்கொண்டிருந்தது. போனில் அதன் குரலைப் போட்டேன். வந்தது. அவ்வளவுதான்.

அதற்குப் போய் எல்லோர் முன்னாலும், "அறிவிருக்கா அண்ணி உங்களுக்கு?" என்று கேட்டாய். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து இத்தனை வருஷத்தில் உன் அம்மாகூட என்னை அப்படிக் கேட்டதில்லை. கேட்க நினைத்திருப்பார், அது வேறு விஷயம்.

மன்னிப்புக் கேட்டு எழுது. அதுவரை எனக்குப் புதுப் போனும் வேண்டாம்.

அண்ணி

மார்ச் 7

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. எண்ணெய்க் கறை இருந்தது.

"குரலைப் போட்டேன், வந்தது, அவ்வளவுதான்" என்கிறீர்கள். ஏன் வந்தது என்று யோசித்தீர்களா? இது கூடு கட்டும் பருவம். தன் இடத்துக்குள் இன்னொரு ஆண் புகுந்துவிட்டது என்று நினைத்துச் சண்டைக்கு வந்தது அது. உங்கள் கேமராவுக்கு முகம் காட்ட வரவில்லை. கூட்டுக்குக் காவல் நிற்க வேண்டியது, ஒரு போனோடு மல்லுக்கு நின்றது. இளவேனில் பறவை நடையின் முதல் நாளே எல்லோருக்கும் சொன்னேன்: கூட்டை நெருங்கக் கூடாது, கிளையை ஒடிக்கக் கூடாது, குரலைப் போட்டு ஏமாற்றக் கூடாது. எல்லோரையும்விட அதிகமாகத் தலையாட்டியது நீங்கள்தான்.

இந்த வருஷம் குளக்கரை ஏற்கெனவே சத்தம் செத்துக் கிடக்கிறது. முன்பெல்லாம் இந்த மாதத்தில் சிள்வண்டு இரைச்சலில் பேச முடியாது. இப்போது ஒன்றுகூட இல்லை. நம் ஆட்கள் மிதித்துத் துவைத்ததில் எல்லாம் ஓடிப்போய்விட்டன என்று நினைக்கிறேன்.

எறிந்திருக்கக் கூடாது. அதை ஒப்புக்கொள்கிறேன். மற்றதை இல்லை.

போனுக்கு வரச் சொல்லி அண்ணனைத் தூது அனுப்பாதீர்கள். கேட்புச் சோதனை அறையில் பொழுதெல்லாம் ஊரார் காதுகளோடு மாரடிக்கிறேன். வீட்டுக்கு வந்தும் காதில் எதையாவது வைத்து அழுத்திக்கொள்ளப் பிடிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு வரவில்லை. நீங்கள் எல்லோரும் போய்வாருங்கள்.

நாத்தனார்

மார்ச் 10

நாத்தனாருக்கு,

போய்வந்தோம். உனக்குப் பதில் தலைமை தாங்கியது பல் டாக்டர். இனி அவரிடம் பல் பிடுங்கிக்கொள்ளக்கூடப் போகக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன்.

"அசையாதீங்க, நாரை!" என்று அவர் கையை நீட்ட, நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றோம். நாரையும் நின்றது. கடைசியில் பேக்கரிக்காரர் கிட்டே போய் அதைத் தட்டிப் பார்த்தார். பட்டுப்போன கிளை. உன் அண்ணன் அதையும் ஒரு படம் எடுக்கச் சொன்னார், நன்றாக அடங்கி உட்கார்ந்திருக்கிறதாம்.

நீ இல்லாத நடை உப்பில்லாத சாப்பாடு. நாலா பக்கமும் ஏதோ பாடுகிறது, யார் பாடுகிறார்கள் என்று சொல்ல ஆளில்லை. சிள்வண்டு இல்லை என்று எழுதியிருந்தாயே, அது எந்தக் குளத்தில்? டாக்டர் பேசியது ஒன்றுமே எங்கள் காதில் விழவில்லை, அவ்வளவு இரைச்சல். ஒரு விதத்தில் அதுவும் நல்லதாகப் போயிற்று.

இன்னொன்று. அந்தக் குருவியைத் தேடினேன், கண்ணில் படவில்லை. போனோடு மல்லுக்கு நின்றது என்று நீ எழுதியதைப் படித்தபோது எரிச்சல்தான் வந்தது. அங்கே போய் நின்றபோது வேறு மாதிரி இருந்தது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, இத்தனூண்டு உடம்பை வைத்துக்கொண்டு அது என்னை நோக்கி வந்ததை நான் அழகு என்று நினைத்தேனே. கூட்டை விட்டுவிட்டுப் போயிருக்குமா? உனக்குத்தான் தெரியும். கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறாவது வா. போன் கதையை ஒத்திவைப்போம்.

அண்ணி

மார்ச் 13

அண்ணிக்கு,

நான் இனி வரப் போவதில்லை. அடுத்த ஞாயிறு மட்டும் இல்லை, எப்போதும்.

என் பைனாகுலரை அண்ணனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பல் டாக்டரிடம் சேர்த்துவிடுங்கள். நாரைக்கும் கிளைக்கும் வித்தியாசம் தெரிய அவருக்கு உதவும். கேட்கிறவர்களிடம் உங்கள் மேல் எனக்குக் கோபம் என்று சொல்லிக்கொள்ளுங்கள். எல்லோரும் பார்த்ததுதானே, நம்புவார்கள்.

குருவி கூட்டை விட்டதா இல்லையா என்று நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது.

சிள்வண்டு இரைச்சல் என்று எழுதியது நிஜமா? வேடிக்கைக்கு எழுதினீர்களா?

நாத்தனார்

மார்ச் 18

சின்னவளே,

பைனாகுலரை டாக்டரிடம் கொடுக்கவில்லை. என் பீரோவில் இருக்கிறது.

சிள்வண்டு நிஜமா என்று கேட்டாயே, அந்த ஒரு வரி என்னை வேலை செய்ய விடவில்லை. நான் சொன்னதை உண்டா இல்லையா என்று திருப்பிக் கேட்கிற ஆள் இல்லை நீ. கேட்காமலேயே இல்லை என்று சொல்கிற ஆள்.

நேற்று ஸ்டுடியோவில் கூட்டமில்லை. அன்றைக்கு எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். போன்தான் குளத்தில், கேமரா என் கழுத்தில் தப்பித்துவிட்டது. நான் நாணலை ஒட்டி நின்றேன், நீங்கள் எல்லோரும் எனக்கு எதிரே நின்றீர்கள். குருவி வருகிறவரை கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், தொழில் புத்தியில் உங்கள் முகங்களை எடுத்துத் தள்ளியிருக்கிறேன். அதில் ஒரு படம். எல்லோரும் இடப்பக்கம் திரும்பியிருக்கிறார்கள். பேக்கரிக்காரர் வாயைப் பிளந்திருக்கிறார், டாக்டர் கையை நீட்டுகிறார். முள்செடியிலிருந்து குருவி என் போனுக்குப் பதில் கொடுத்த நேரம் அது. நீ மட்டும் என் கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

"பாரு, அப்பவே மொறைக்க ஆரம்பிச்சுட்டா" என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பெரிதாக்கிப் பார்த்தேன். நாள் முழுக்க முகம் பார்த்துத்தானே எனக்குச் சோறு. அது முறைக்கிற முகம் இல்லை. கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்துவிட்டவள் முகம்.

அதற்கு முந்தைய ஞாயிறுகளின் படங்களையும் எடுத்தேன். படத்துக்குப் படம் நீ எங்கள் முகத்தைத்தான் பார்க்கிறாய். நாங்கள் திரும்பிய பிறகு நீ திரும்புகிறாய். போன வருஷத்துப் படங்கள் அப்படி இல்லை. நீதான் முதலில் திரும்பியிருக்கிறாய், நாங்கள் உன்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

தப்பாக இருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டி எழுது, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். உனக்குக் காது கேட்கவில்லையா?

உன் அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது. உறையை ஒட்டித்தான் அனுப்புகிறேன்.

உன் அண்ணி

மார்ச் 24

அண்ணி,

பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன்.

ஆமாம்.

எல்லாம் போய்விடவில்லை, பயப்படாதீர்கள். எதிரே நின்று பேசினால் கேட்கிறது. பஸ் ஹாரன் கேட்கிறது. மெல்லிய கீச்சுக் குரல்கள்தான் போய்விட்டன. போனில் பாதி வார்த்தை பிடிபடுவதில்லை. அதனால்தான் எழுதச் சொன்னேன், திமிரால் இல்லை.

ஜனவரியில் ஒரு மதியம், வேலையில் என்னோடு இருக்கும் பெண்ணிடம், "சும்மா எனக்கும் ஒரு டெஸ்ட் போடு" என்று சொல்லிவிட்டுச் சோதனை அறைக்குள் போய் உட்கார்ந்தேன். சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். தினமும் நான் மற்றவர்களுக்குச் சொல்வதுதான். அழுத்தினேன், அழுத்தினேன், அப்புறம் அழுத்துவதற்கு எதுவும் வரவில்லை. முடிந்துவிட்டது என்று நினைத்து ஹெட்போனைக் கழற்றினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் இன்னும் மிஷினைத் திருகிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்காமலே திருகிக்கொண்டிருந்தாள்.

"இதுல வெக்கப்பட என்ன இருக்கு? கண்ணுக்குக் கண்ணாடி போடறதில்லையா?" இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். எனக்கென்று அளவெடுத்த காது மிஷின் என் மேஜை இழுப்பறையில் தூங்குகிறது. ஊருக்குத்தான் உபதேசம்.

அன்றைக்கு உங்கள் போன் எனக்கு நன்றாகக் கேட்டது. எனக்கு எதிரே கிட்டத்தில் நின்று, சத்தத்தை அவ்வளவு கூட்டி வைத்திருந்தீர்கள். எல்லோரும் திடீரென்று இடப்பக்கம் திரும்பினார்கள். அங்கே எனக்கு ஒன்றுமே இல்லை. பொய்க் குருவி கேட்கிறது, நிஜக் குருவி கேட்கவில்லை. அந்த நிமிஷம் தாங்க முடியவில்லை, எறிந்துவிட்டேன். நீங்கள் செய்தது தப்புதான், அதில் மாற்றமில்லை. ஆனால் அந்த ஆத்திரம் முழுவதும் உங்களுக்குச் சேர வேண்டியது இல்லை. உங்களை அப்படிக் கேட்டதற்கு மன்னித்துவிடுங்கள்.

சிள்வண்டு இல்லை என்று எழுதியபோது, அது நிஜமாகவே இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

குரலை வைத்தே பறவையைச் சொல்கிறவள் என்றுதானே அத்தனை பேர் என் பின்னால் வந்தார்கள். இனி என்ன சொல்லி அவர்களைக் கூட்டிக்கொண்டு போவேன்? யாருக்கும் தெரியாமல் விலகிக்கொள்ள விடுங்கள்.

சின்னவள்

மார்ச் 30

சின்னவளே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஸ்டுடியோவை உள்ளே தாழிட்டுக்கொண்டு அழுதேன். படம் எடுக்க வந்த ஒருவர் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். திறந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வரட்டுங்களா?" என்று கேட்டார், பாவம்.

விலகிக்கொள்ள விட மாட்டேன். முதலில் திட்டு வாங்கிக்கொள். ஜனவரியிலிருந்து இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு தனியாகப் புழுங்கியிருக்கிறாயே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? என் கல்யாணத்தன்று நான் பயத்தில் வாந்தி எடுத்ததை மறைத்து நின்றவள் நீ. இன்றுவரை உன் அண்ணனுக்குக்கூட அது தெரியாது. உனக்காக வாயை மூடிக்கொள்ள எனக்கு மட்டும் தெரியாதா?

நேற்று விடிந்ததும் தனியாகக் குளக்கரைக்குப் போனேன். கேமராவை வீட்டில் வைத்துவிட்டேன். முள்செடிக்கு நன்றாகத் தள்ளி உட்கார்ந்துகொண்டு, காதில் விழுந்ததையெல்லாம் ஸ்டுடியோ உறை ஒன்றின் பின்னால் கிறுக்கினேன். சிரிக்காமல் படி.

"ட்ரிக்... ட்ரிக்..." யாரோ நகம் வெட்டிக்கொள்கிற மாதிரி, சேற்றுப் பக்கம். அப்புறம், "டிச்சு டிச்சு டிச்சு ச்சீஈ." அந்தக் கடைசி ச்சீ மட்டும் ஊசி மாதிரி மேலே போகிறது. அடுத்தது, "கிரீச்... கிரீச்..." விட்டுவிட்டு, எதிர்க்கரையில், மெதுவாக நகர்ந்துகொண்டே போயிற்று. கடைசியாகத் தண்ணீரிலிருந்து ஒரு "க்ரூக்." தும்மல் மாதிரி ஒரே ஒரு தடவை.

டிச்சுக்காரனைக் கண்ணால் பார்த்தேன். நம் ஆள்தான். வாயில் ஒரு பச்சைப் புழு. தின்னாமல் அப்படியே வைத்துக்கொண்டு நாணலுக்குள் போயிற்று. சற்று நேரத்தில் வெறும் வாயோடு வெளியே வந்தது. மறுபடி ஒரு புழு, மறுபடி உள்ளே. பின்னாலேயே போய் எட்டிப் பார்க்கக் கால் துறுதுறுத்தது. போகவில்லை.

இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று எழுது. என் காதில் விழுகிறது, மண்டையில் ஏறவில்லை. உன் மண்டையில் எல்லாம் இருக்கிறது. அதை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு, எங்களைப் பல் டாக்டரிடம் ஒப்படைக்கப் போகிறாயா?

உன் அண்ணி

ஏப்ரல் 2

அண்ணி,

சிரிக்காமல் படிக்க முடியவில்லை.

நகம் வெட்டுவது ஒரு சின்னத் தவளை. தும்மியது நீர்க்கோழி. எதிர்க்கரையில் நகர்ந்துகொண்டே போன கிரீச், பேக்கரிக்காரருடைய சைக்கிள். செயினுக்கு எண்ணெய் போடச் சொல்லுங்கள்.

புழுவைத் தின்னாமல் கொண்டுபோனால் உள்ளே குஞ்சுகள் இருக்கின்றன என்று அர்த்தம். கூட்டை விடவில்லை, அண்ணி. நீங்கள் எட்டிப் பார்க்காமல் வந்ததற்காக உங்களுக்கு ஒரு போன் வாங்கித் தரலாம்.

உங்கள் கிறுக்கலை வாய்விட்டுப் படித்தேன். கண்ணை மூடிக்கொண்டால் அந்த ச்சீ எந்த உயரத்தில் நிற்கும் என்று எனக்குத் தெரிகிறது. அந்தத் தெம்பில் இழுப்பறையைத் திறந்து மிஷினை மாட்டினேன். முதலில் சாவிக்கொத்து பயமுறுத்தியது. அப்புறம் என் செருப்பு. மாலையில் அண்ணன் வந்து வாயைத் திறந்ததும், "ஏண்ணா கத்துற?" என்றேன், ஆள் ஆடிப்போய்விட்டார். உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்த மிஷின் எல்லாவற்றையும் திருப்பித் தராது. போனது சிலது போனதுதான். இதை மற்றவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன், உங்களிடமும் சொல்கிறேன்.

ஞாயிறு வருகிறேன். பைனாகுலரைக் கொண்டுவாருங்கள்.

சின்னவள்

ஏப்ரல் 7

சின்னவளே,

இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். நேற்று எடுத்தது. அதில் பறவை இல்லை, தேடாதே.

நீ வந்து நின்ற அழகே போதும். முடியை இறுக்கித் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்தாய். நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள், "எனக்குக் கீச்சுக் குரல் கேக்காது. இது காது மிஷின். எங்க பாடுதுன்னு நீங்க காட்டுங்க, என்ன பாடுதுன்னு நான் சொல்றேன்" என்று போட்டு உடைத்தாய். பல் டாக்டர் தன் வாயிலிருந்த பல் செட்டைக் கழற்றிக் காட்டினார் பார், ஆறுதலுக்கு! பல் டாக்டருக்கே பொய்ப்பல் என்று நமக்கெல்லாம் நேற்றுத்தான் தெரிந்தது.

இப்போது படத்தைப் பார். முள்செடியில் குருவி பாடத் தொடங்கிய நேரம். எத்தனையோ நாள் நான் காத்திருந்த படம் நேற்றுக் கிடைத்திருக்கும், செடி உச்சியில் வெட்டவெளியில் வந்து உட்கார்ந்திருந்தது, யாரும் கூப்பிடாமல். நான் கேமராவைத் தூக்கினேன். ஆனால் இவர்கள் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. டாக்டர் கை செடியைக் காட்டுகிறது, கண் உன் மேல் இருக்கிறது. பேக்கரிக்காரர், உன் அண்ணன், எல்லோரும் குருவியை விட்டுவிட்டு உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், உனக்குக் கேட்டுவிட வேண்டுமே என்று. நானும் கேமராவை இந்தப் பக்கம் திருப்பி இரண்டு படம் எடுத்தேன், இது இரண்டாவது.

நீ செடியைப் பார்க்கிறாய். சிரிக்கிறாய். காது நன்றாகத் தெரிகிறது, சிரிப்பு மட்டும் இல்லையென்றால் அடையாள அட்டைக்கே ஒட்டலாம்.

அங்கே எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இப்போது கேட்கிறேன். கேட்டதா?

உன் அண்ணி

ஏப்ரல் 9

அண்ணி,

கேட்கவில்லை.

சிள்வண்டு கேட்டது. இவ்வளவு தொல்லை பிடித்த சத்தமா அது, இதற்கா ஏங்கினேன் என்றிருந்தது. தவளை கேட்டது. பேக்கரிக்காரர் இன்னும் எண்ணெய் போடவில்லை, அதுவும் கேட்டது. குருவி வாயைத் திறந்து திறந்து மூடியது தெரிந்தது, தொண்டை துடித்தது தெரிந்தது. குரல் வரவில்லை. அது இனி வராது என்று நினைக்கிறேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் உங்கள் கேமரா முதல் தடவை "டக்" என்றது. மிஷினுக்குள் அது கதவைச் சாத்துகிற மாதிரி விழுந்தது. குருவி அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது, சத்தம் நேராக என்னை நோக்கி வருகிறது. அத்தனை நாள் காத்திருந்த பறவையை விட்டுவிட்டு நீங்கள் என்னை எடுக்கிறீர்கள் என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. அதற்குத்தான் சிரித்தேன்.

படத்தை என் சோதனை அறையில் மாட்டியிருக்கிறேன், மிஷின் வேண்டாம் என்று அடம்பிடிக்கிறவர்கள் உட்காரும் நாற்காலிக்கு எதிரே.

குஞ்சுகள் இன்னும் சில நாளில் நாணலை விட்டு வெளியே வரும். ஞாயிறு சீக்கிரம் வந்துவிடுங்கள். என் பக்கத்தில் நில்லுங்கள். அந்தக் கடைசி ச்சீ வரும்போது தோளில் ஒரு தட்டு தட்டுங்கள், எனக்கு அது போதும். தட்டிவிட்டு, அந்தப் பாவப்பட்ட குருவியை ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

சின்னவள்